முஸ்பிறா மிஸ்ஸின் பிழை விடைகள்

பாலமுனையில் முஸ்பிறாவின் முகத்தைத் தெரியாதவர்கள் உண்டு. குரலைத் தெரியாதவர்கள் குறைவு. பின்னேர அஸர் தொழுகை முடிந்த கையோடு அந்தக் குரல் வரும். முச்சக்கரவண்டிக்குள், மருந்துக் கடைக் கல்லாவுக்குப் பின்னால், பாடசாலை விட்டு வந்த ஆசிரியைகளின் குசினிகளில் என்று அம்பாறைக் கரை நெடுகிலும் கைப்பேசிகளில் அது ஒலிக்கும். இன்றைய கேள்விக்கு இதுதான் சரியான விடை, மற்ற மூன்றும் ஏன் பிழை என்று பார்ப்போம் என்று தொடங்கி, அவசரப்படாமல், மூச்சு வாங்காமல் சொல்லி முடிப்பாள்.

அவள் பிரதேச செயலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தர். பட்டம் எடுத்த ஆண்டிலிருந்து நிர்வாக சேவைப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். வயது எல்லை தாண்டும்வரை திறந்த பரீட்சை. அதற்குப் பிறகு, சேவையில் இருப்பவர்களுக்கான மட்டுப்படுத்தப்பட்ட பரீட்சை. ஒவ்வொரு தடவையும் மற்றத் தாள்கள் கரை சேர்க்கும், பொது அறிவுத்தாள் கவிழ்க்கும். கொழும்புக்குப் போய் வகுப்பெடுக்க வழியில்லை. ஆகவே பழைய வினாத்தாள்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒரு கேள்வி எப்படிக் கட்டப்படுகிறது என்பதைக் கடிகாரத்தைக் கழற்றிப் பார்ப்பவனைப் போலக் கழற்றிப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டாள். கற்றதைத் தனக்குள் வைத்திருக்க மனம் வரவில்லை. ‘நாளொரு நடப்பு’ என்று ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினாள். காலையில் ஒரு கேள்வி, நான்கு விடைகள். ஆட்கள் தங்கள் விடையைத் தொட்டு அடையாளமிடுவார்கள். பின்னேரம் விளக்கம்.

விடியற்காலையில் வானொலிச் செய்தி கேட்பாள். கொழும்பு பஸ்ஸில் வந்திறங்கும் பத்திரிகையை வாங்குவாள். இரண்டிலும் வராத செய்தி அவளுக்குச் செய்தியல்ல. சரியான விடை எழுத அவளுக்கு நேரமே தேவைப்படாது. அவளுடைய காலைப்பொழுது முழுவதையும் தின்பது மற்ற மூன்றும்தான்.

பிழை விடை பிழையாகத் தெரியக்கூடாது என்பது அவள் கண்ட முதற் பாடம். அது நடந்திருக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அடுத்த வருஷம் நடந்தாலும் யாரும் வியக்காததாக இருக்க வேண்டும். ஊர்ப் பெயர் கேட்டால் மாணவருக்குப் பழகிய ஊர்ப் பெயரையே பக்கத்தில் வைக்க வேண்டும். தெரியாதவன் கை, தெரிந்த பெயரைத் தேடித்தான் போகும். எண்ணிக்கை கேட்டால் படிப்படியாக ஏற வேண்டும், இடையில் ஓட்டை இருக்கக்கூடாது. இப்படிச் செதுக்கிய பிழைகளைப் பார்த்து அவளுக்குள்ளே சிறிய பெருமை ஒன்றும் இருந்தது.

அந்தப் பிழைகளில் ஏதோ இருப்பதை முதலில் கவனித்தவன் டிலக்சன். ஆலையடிவேம்புப் பெடியன், தபால் கந்தோரில் வேலை, குழுவில் பகிடிக்காரன். வடக்கே எங்கோ ஒரு குளத்தின் அணைக்கட்டு உடைந்ததைப் பற்றி அவள் கேட்ட கேள்வியில், மாவடிப்பள்ளிப் பக்கத்து வாய்க்கால் கட்டு ஒன்றைப் பிழை விடையாக வைத்திருந்தாள். அந்த மாரி மழையிலேயே அந்தக் கட்டு உடைந்து வயல்கள் வெள்ளத்தில் போயின. பிறகு ஒரு மாநாடு. எந்த நகரத்தில் நடக்கப்போகிறது என்று கேட்டிருந்தாள். சரியான விடையாக இருந்த நகரத்தில் காய்ச்சல் பரவி, மாநாடு இடம் மாறியது. மாறிய நகரம் அவளுடைய இரண்டாவது பிழை விடை.

“மிஸ்ஸிட சரி விடை போன மாசம் பேப்பரில வந்தது. பிழை விடைதான் இனி வரப்போறது. ரெண்டையும் பாடமாக்குங்க” என்று டிலக்சன் குழுவில் குரல் பதிவு போட்டான். சிரிப்புப் படங்கள் குவிந்தன. முஸ்பிறாவும் சிரித்தாள். நடக்கக்கூடியதையே தேடித் தேடி எழுதினால் சிலது நடக்கத்தானே செய்யும் என்று விளக்கமும் சொன்னாள். அது நியாயமான விளக்கம். அவள் அதை நம்பினாள்.

அந்த விளக்கம் போதாமற்போனது, ‘அண்மையில் காலமானவர் யார்’ என்ற கேள்வியில்தான். நடப்பு விவகாரம் படிக்கிறவர்களுக்கு இது வழக்கமான கேள்வி. எல்லா வினாத்தாளிலும் ஒன்று இருக்கும். ஆனால் அதைக் கட்டுகிறவருக்கு அதில் ஒரு சங்கடம் உண்டு. இறந்தவர் ஒருவரின் பெயரை எழுதிவிட்டு, அதற்குக் கீழே உயிரோடிருக்கும் மூன்று பேரின் பெயரை எழுத வேண்டும். எத்தனையோ தடவை எழுதியிருக்கிறாள். அன்று அவள் எழுதிய மூவரில் ஒருவர் பழைய வானொலி அறிவிப்பாளர், திடகாத்திரமான மனிதர். இரண்டு வெள்ளிக்கிழமை கழிவதற்குள் அவருடைய மரண அறிவித்தல் வானொலியிலேயே வந்தது. முஸ்பிறா தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, மற்ற இரண்டு பெயர்களையும் நினைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

அதன்பின் மரணக் கேள்வி கேட்பதை விட்டுவிட்டாள். காரணம் சொல்லவில்லை. குழுவிலும் யாரும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் அவளை உறுத்தியது.

ஆனால் வாசலுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மகனின் கட்டார் விசாவைப் பிழை விடையாகப் போட முடியுமா என்று ஒரு பெண் கேட்டாள். தான் நிற்கும் கூட்டுறவுச் சங்கத் தேர்தலில் தன் பெயரை எங்காவது ஓரமாகச் சேர்க்கும்படி ஒருவர் வாழைக்குலையோடு வந்து நின்றார். சிரித்தபடியேதான் கேட்டார்கள், ஆனால் அவள் மறுத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. சீமெந்துக் கடை வைத்திருக்கும் அவளுடைய கணவன் ஜெமீல் வாழைக்குலையைத் திருப்பி அனுப்பினான். சோற்றுக்கு முன்னால் இருந்து மெதுவாகச் சொன்னான்.

“மறைவானது அல்லாஹ்வுக்கு மட்டும்தான் தெரியும். நீ கேள்வி செய்யிறாய், அதில குத்தமில்ல. சனம் உன்னய வேற ஆளாப் பாக்கத் தொடங்கினா அது ஒனக்கும் கூடா, சனத்துக்கும் கூடா.”

பரீட்சை நெருங்குகிறது, முடிந்ததும் குழுவை மூடிவிடுகிறேன் என்று அவள் சொன்னாள்.

அந்த வாரம் வந்த செய்தி ஒன்று: எஞ்சின் பழுதாகிக் கடலில் திசையற்று மிதந்த மீன்பிடிப் படகொன்றைச் சரக்குக் கப்பல் ஒன்று கண்டுபிடித்திருந்தது. அந்தப் படகு எங்கிருந்து புறப்பட்டது என்று முஸ்பிறா கேட்டாள். சரியான விடை தெற்கே ஒரு துறைமுகம். மற்ற மூன்றுக்கும் கிழக்கின் கரைப் பெயர்களை வரிசையாக எழுதினாள்: வாழைச்சேனை, பாலமுனை, திருக்கோவில். கை தெரிந்த பெயரைத் தேடித்தான் போகும் என்று மாணவருக்குச் சொன்னவளின் கையும் தெரிந்த பெயரைத் தேடித்தான் போயிருந்தது.

பகல் சாய்வதற்குள் சுல்பிகா வந்தாள். அடுத்த ஒழுங்கையில் இருப்பவள், கலியாணமாகி இரண்டு வருஷம், முதல் தடவையாகப் பரீட்சை எழுதப் போகிறவள். குழுவில் அவளளவுக்குக் கவனமாகப் படிக்கிறவர்கள் இல்லை. விடை தெரியாவிட்டால் தொடாமல் விடுவாளே தவிர ஊகித்துத் தொட மாட்டாள். அவளுடைய கணவன் றஸாக், முஸ்பிறாவின் தம்பி நிப்றாஸோடு ஒரே ஆழ்கடல் படகில் தொழில் செய்பவன்.

சுல்பிகா கதிரையில் உட்காரவில்லை. “மிஸ், அவரு நாளைக்குக் கடலுக்குப் போறாரு” என்றாள்.

முஸ்பிறாவுக்கு விளங்கியது. ஆட்கள் விடையளிக்கத் தொடங்கிய பிறகு கேள்வியைத் திருப்பி எடுப்பதில்லை என்பது அவளுடைய சட்டம். இது பேப்பரில் வந்துவிட்ட செய்தி, முடிந்துபோன சங்கதி என்று அவளுக்கு எடுத்துச் சொன்னாள். சுல்பிகா தலையாட்டிவிட்டுப் போனாள்.

படகில் மூன்று பேர். நிப்றாஸ், றஸாக், படகோட்டி கச்சிமுகம்மது. வரவேண்டிய நாளில் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. கரையில் நின்ற மற்றப் படகுக்காரர்களின் தொடர்புக் கருவிகளிலும் அவர்களுடைய குரல் கேட்கவில்லை. கடற்படைக்கு அறிவித்தார்கள். காற்று விழுந்துபோய், கடல் எண்ணெய் ஊற்றிய தகடு போலக் கிடந்தது. அப்படிப்பட்ட கடலில் ஒரு படகு எப்படிக் காணாமற்போகும் என்று கரையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

ஒரு விடியலில் முஸ்பிறா வழக்கம்போல வானொலியைத் திருப்பினாள். எஞ்சின் பழுதாகித் திசையற்று மிதப்பதாக நம்பப்படும் மீன்பிடிப் படகு பாலமுனைக் கரையிலிருந்து புறப்பட்டது என்று செய்தி வாசித்தார்கள். தான் கேள்வியில் எழுதிய சொற்கள் எழுதிய வரிசையிலேயே, ஊர் மட்டும் மாறி, அறியாத ஒருவரின் வாயிலிருந்து வருவதை அவள் கேட்டாள். பழக்கதோஷத்தில், இது நல்ல கேள்வியாகும் என்று மனசின் ஒரு மூலை சொன்னது. அந்த மூலையை அவள் அன்றிலிருந்து வெறுத்தாள்.



நண்பகலில் நிப்றாஸின் மனைவி நஸீறா வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அவளுக்குப் பின்னால் சுல்பிகா, கண்ணில் ஒரு சொட்டு ஈரமில்லாமல்.

“மச்சி, நீங்க போடுறதுதானே நடக்குது” என்றாள் நஸீறா. “மூணு பேரும் திரும்பி வந்துட்டாங்க எண்டு போடுங்க.”

அப்படிப் போட ஏலாது என்று முஸ்பிறா சொன்னாள்.

“ஏன் ஏலாது? ஊரிட பேரப் போட ஏலும், ஒங்கட தம்பி வாறத்தப் போட ஏலாதா?”

சுல்பிகா நஸீறாவின் பக்கம் திரும்பிச் சொன்னாள். “ராத்தா, மிஸ் சரியெண்டு போடுறது நடந்து முடிஞ்சது. பிழையெண்டு போடுறதுதான் நடக்கும். ‘வந்தாங்க’ எண்டது பிழை விடையா வரணுமெண்டா, சரி விடையா வேற ஒண்டு வேணும். அத மிஸ் எழுதணும்.”

நஸீறாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரமெடுத்தது. விளங்கியதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜெமீல் சொன்னது முஸ்பிறாவின் நினைவுக்கு வந்தது. வராமல் இல்லை. ஆனால் அவளுக்கு முன்னால் நின்றவர்கள் தம்பியின் மனைவியும் தன் மாணவியும். தம்பியைச் சிறுவயதில் இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். பொய் எழுதாமல் இதைச் செய்ய முடியுமா என்று மட்டும் யோசித்தாள். முடியும் என்று கண்டாள். இன்று காலை வரை யாரும் கரை திரும்பவில்லை. வானொலியும் சொன்னது, பத்திரிகையும் சொன்னது. ‘இன்று காலை வரை’ என்று சேர்த்தால் அது உண்மை.

கேள்வியை எழுதினாள். காணாமற்போன படகிலிருந்து இன்று காலை வரை கரை திரும்பியோர் எத்தனை பேர்? சரியான விடையை முதலில் எழுதினாள்: எவருமில்லை. அதன்பின் பழகிய வேலை. மற்ற மூன்றையும் கை தானாக நிரப்பியது. அனுப்பினாள்.

மூவரும் கைப்பேசியைச் சுற்றி நின்றார்கள். முதல் அடையாளம் விழுந்தது, எவருமில்லை என்பதில். பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக. மாதக்கணக்கில் வாய் திறக்காதவர்கள், குழுவில் இருப்பதே மறந்துபோனவர்கள், அக்கரைப்பற்றிலிருந்து, காரைதீவிலிருந்து, மருதமுனையிலிருந்து எல்லோரும் வந்தார்கள். ஒருவரும் ஒரு சொல் எழுதவில்லை. எவரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லோருக்கும் விளங்கியிருந்தது, யாரும் பிழை விடக்கூடாது என்பது. டிலக்சனின் பெயரும் அதில் ஏறியது. வெளியே வெயில் கொதித்தது. தெருவில் மீன்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனான். திரையில் அந்த ஒரு கோடு மட்டும் நிறைந்து நிறைந்து போனது.

“எல்லாரும் வரல்ல எண்டே அமத்துறாங்க” என்றாள் நஸீறா.

சுல்பிகா தன் கைப்பேசியை எடுத்தாள். விடை தெரிந்தாலன்றித் தொடாதவள். எவருமில்லை என்பதைத் தொட்டாள்.

அப்போதுதான் முஸ்பிறா, ஒரு வாக்கும் விழாமல் வெறுமையாகக் கிடந்த மற்ற மூன்று கோடுகளையும் வாசித்தாள். ஒருவர். இருவர். மூவர்.

படிப்படியாக ஏற வேண்டும், இடையில் ஓட்டை இருக்கக்கூடாது. எங்கே கரை சேர்ந்தார்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் திருகோணமலை, மாலைதீவு, ஒலுவில் என்று மூன்று பிழைகள். எது நடந்தாலும் மூவரும் உயிரோடு. அவளோ பரீட்சைக்காரர்கள் விரும்பும்படி எத்தனை பேர் என்று கேட்டிருந்தாள். திருப்பி எடுக்கும் பொத்தானின் மேல் விரல் போனது. எடுத்தால் இத்தனை பேர் சேர்ந்து சொன்ன ‘எவருமில்லை’யும் அழியும். அழிந்தால் என்னவாகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. விரலை எடுத்துக்கொண்டாள். நிமிர்ந்தபோது சுல்பிகா அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் அந்த மூன்று கோடுகளையும் வாசித்திருந்தாள்.

அந்தக் கிழமை முடியுமுன் செய்தி வந்தது. வாழைச்சேனைப் படகொன்று அவர்களைக் கண்டு கட்டியிழுத்து வந்திருந்தது. நிப்றாஸ் இருந்தான். கச்சிமுகம்மது இருந்தார். றஸாக் இல்லை.

படகின் சுழலியில் வலை சுற்றிக்கொண்டது, றஸாக் அறுக்க இறங்கினான், எங்கிருந்தோ வந்த ஓர் அலை படகைத் தூக்கிப் போட்டது, பிறகு அவனைக் காணவில்லை என்று நிப்றாஸ் சொன்னான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தவனின் உதடுகள் வெடித்திருந்தன. முஸ்பிறா அவனுக்குத் தண்ணீர் பருக்கிவிட்டு, முதலில் கேட்டது ஒன்றே ஒன்று.

“அது எந்த நாள் தம்பி?”

அவனுக்குத் தெரியவில்லை. நாட்கள் ஒன்றுக்குள் ஒன்று கலந்துபோயிருந்தன. எஞ்சின் நின்ற மறுநாளா, மழை பெய்த நாளா? விடாமல் கேட்டாள். கேள்வி அனுப்புவதற்கு முந்தியா பிந்தியா என்பதைத்தான் கேட்கிறாள் என்பது அவனுக்குத் தெரியாது. அவன் ஒரு நாளைச் சொன்னான், அது முந்தி. அவளுக்கு மூச்சு வந்தது. பக்கத்துக் கட்டிலில் கிடந்த கச்சிமுகம்மது தலையை அசைத்தார். “இல்ல மகள். தம்பி சொல்ற நாளைக்குப் பொறகுதான். அண்டைக்கு றஸாக் எங்களுக்குக் கையால சோறு தீத்தினான்” என்றார். அவர் கணக்கில் அது பிந்தி. இரண்டு மூலங்களும் ஒத்துப்போகவில்லை. அவளுடைய சட்டப்படி அது செய்தியல்ல. ஆகவே இன்றுவரை அதற்கு அவளிடம் விடையில்லை.

கண்ணால் கண்ட சாட்சி இரண்டு பேர் இருந்ததால், உடல் கிடைக்காமலே பள்ளிவாசலில் ஜனாஸாத் தொழுகை நடந்தது. சுல்பிகா விதவைக்கான இத்தாவில் இருத்தப்பட்டாள். வெளி ஆண்கள் பாராத உள்ளறை, யன்னலுக்குத் திரை, வெள்ளை உடுப்பு. முஸ்பிறா பார்க்கப் போனபோது சுல்பிகா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். வரும் வழியில் குழுவை மூடிவிட வேண்டும் என்று முடிவெடுத்தாள். நிப்றாஸ் திரும்பியதற்கு நன்றி சொல்லி வாசலுக்கு வந்தவர்களில் ஒருவரும் றஸாக்கின் பெயரை எடுக்காததும் அந்த முடிவுக்கு ஒரு காரணம்.

பரீட்சைக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. நடுவழியில் விட்டுப் போகாதீர்கள் என்று மாணவர்கள் கெஞ்சினார்கள். ஆகவே மூடுவதற்கு முன் கடைசிக் கிழமைக்கான கேள்விகளைத் தொடங்கினாள். ஏற்றுமதி பற்றிய சாதாரணமான ஒன்றை முதலில் அனுப்பினாள். அனுப்பிய கணமே அடையாளம் விழுந்தது. சுல்பிகா. பிழையான விடையில்.

மறுநாளும் முதல் அடையாளம் அவளுடையது, பிழை. அதற்கடுத்த நாள் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த விடையைக் கேட்டாள். திரைக்குப் பின்னால், வெள்ளை உடுப்போடு இருந்தவள், காத்திருந்தவளைப் போல உடனே தொட்டாள். பிழை. தவறி விழுந்த விரலல்ல அது. கவனமாகப் படித்து, சரியானது எதுவென்று அறிந்து, அதை விலக்கித் தொட்ட விரல். நடந்து முடிந்ததில் அவளுக்கு இனி ஒன்றும் இல்லை, இனி நடக்கக்கூடியதில்தான் எல்லாம்.

பரீட்சை முடிந்தது. டிலக்சன் சித்தியடைந்தான். முஸ்பிறா அந்த முறை எழுதவேயில்லை. அனுமதி அட்டை வந்தது, போகவில்லை. படித்து முடித்தவர்கள் குழுவிலிருந்து ஒவ்வொருவராக விலகினார்கள். கடைசியில் முஸ்பிறாவும் சுல்பிகாவும் மட்டும் மிஞ்சினார்கள். இரண்டு பேருக்காக எதற்கு இன்னும் என்று ஜெமீல் ஒருநாள் கேட்டான். அவள் மறுநாள் கேள்விக்காகப் பத்திரிகையை விரித்தாள்.

முஸ்பிறா இன்றும் விடியலில் வானொலி கேட்கிறாள். பஸ்ஸில் வரும் பத்திரிகையை வாங்குகிறாள். செய்தி எதைப் பற்றியதாக இருந்தாலும், சந்தையோ சட்டமோ விளையாட்டோ, அதை எப்படியாவது திருப்பி ‘எங்கே’ என்ற கேள்வியாக்கிவிடுகிறாள். சரியான விடையை ஒரு மூலையில் எழுதுகிறாள். பிறகு காலை முழுவதும் உட்கார்ந்து, உயிரோடிருக்கும் ஒரு மனிதன் வந்து ஏறக்கூடிய மூன்று கரைகளைத் தேர்ந்தெடுக்கிறாள். அனுப்புகிறாள். அடுத்த ஒழுங்கையில், அவற்றில் ஒன்றைச் சுல்பிகா தொடுகிறாள்.